ஒன்பது செங்கல் தூரம்

உட்காருங்கள். அந்த நாற்காலி ஆடாது, நான் ஏற்கெனவே உட்கார்ந்து பார்த்துவிட்டேன். ஏசி பழுது பார்க்க வந்தவர்தானே? பையைப் பார்த்தாலே தெரிகிறது. உங்களையும் உட்கார வைத்துவிட்டார்களா? அனுமதிச் சீட்டு வரவேண்டும் என்றிருப்பார்கள். உள்ளே அறை வெந்துகொண்டிருக்கிறது, அதைக் குளிர வைக்க வந்தவருக்குச் சீட்டு இல்லை. இதுதான் நிர்வாகம். பஞ்சை நூலாக்கினாலும் சரி, கம்ப்யூட்டரில் பொம்மை செய்தாலும் சரி, ஆளை வாசலில் காக்க வைப்பதில் மட்டும் முதலாளி மாறவே மாட்டான்.

என் பெயர் வையாபுரி. மங்களாம்பிகை மில் வையாபுரி என்றால் சிங்காநல்லூர் பக்கம் ஒரு காலத்தில் பஸ்ஸை நிறுத்தி ஏற்றிக்கொள்வார்கள். உங்களுக்குத் தெரியாது. பரவாயில்லை. எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடம் முடிந்தது. மீதிப் படிப்பு முழுக்கத் துண்டறிக்கையில். அதனால்தான் இப்படி எழுதி வைத்ததுபோலப் பேசுகிறேன். என் மகள் கேலி செய்வாள், அப்பா வாயைத் திறந்தால் நோட்டீஸ் விழுகிறது என்று. விழட்டும்.

நான் எதற்கு வந்தேன் என்றா கேட்கிறீர்கள்? கேட்கவில்லையா? சரி, சொல்கிறேன்.

அதோ சுவரில் பெரிய டிவியில் ஓர் ஆட்டுக்குட்டி ஓடுகிறதே, பார்த்தீர்களா. கழுத்தில் மணி. செங்கலுக்குச் செங்கல் தாவும், பள்ளத்தைத் தாண்டும், வழியில் கிடக்கிற மணிகளைச் சேர்க்கும், கடைசியில் ஒரு வேலியைத் தொட்டால் அடுத்த கட்டம். லெவல் என்பார்கள், நான் கட்டம் என்பேன். ஆட்டின் பெயர் பிக்கோ. முப்பத்து நாலு வருடமாக ஓடுகிறது. பதினோரு பாகம் முடிந்து இப்போது பன்னிரண்டாவது வரப்போகிறது. கம்பெனி வெளிநாட்டில் இருக்கிறது. வேலை இந்த ஐந்தாவது மாடியில் நடக்கிறது. என் மகள் ஜென்னிதான் அந்த வேலைக்குத் தலைமை.

அந்தக் கம்பெனி ஓர் அறிவிப்பு விட்டிருக்கிறது. முதல் பாகத்தில் இருந்த எட்டுக் கட்டங்களையும் அப்படியே எடுத்துப் பன்னிரண்டாவது பாகத்தில் மறுபடி வைக்கப் போகிறார்களாம். வைக்கலாமா வேண்டாமா என்று ரசிகப் பெருமக்கள் கருத்துச் சொல்ல வேண்டுமாம். இன்று மாலை ஐந்து மணியோடு முடிகிறது.

வேண்டாம் என்பது என் கருத்து. இதோ, இந்தக் கட்டு முழுக்க அதுதான். நானூற்றுப் பன்னிரண்டு கையெழுத்து. நீங்கள் போட்டால் நானூற்றுப் பதின்மூன்று. பேனா இருக்கிறது. அவசரமில்லை, யோசியுங்கள்.

பிக்கோ ஆடியதே இல்லையா? அதனால் என்ன? இதில் பெயர் எழுதியவர்களில் பாதிப் பேர் ஆடியதில்லை. பேக்கரியில் வாங்கினேன், ரேஷன் கடை வரிசையில் வாங்கினேன், ஒண்டிப்புதூர் பஸ் நிறுத்தத்தில் வாங்கினேன். கதவடைப்பைக் கண்டித்து எங்களுக்குக் கையெழுத்துப் போட்டவர்களுக்கெல்லாம் நூற்கத் தெரியுமா?

நியாயத்தைப் பாருங்கள். புதிதாக ஒரு பள்ளம் வெட்டத் தெம்பில்லை. பழைய பள்ளத்துக்கு வெள்ளையடித்து, புல் முளைக்க வைத்து, வானத்துக்கு நாலு மேகம் ஒட்டி, மறுபடி நம் தலையில் கட்டுகிறான். இதற்கு ஒரு கூட்டம் கைதட்டுகிறது. இணையத்தில் இவர்களுக்கென்று ஒரு மன்றம் இருக்கிறது. நான் அதில் இருக்கிறேன், வாயில்கூட்டம் என்ற பெயரில். அங்கே எழுதுகிறார்கள், எங்கள் குழந்தைப் பருவம் திரும்பி வருகிறது, கண்ணில் தண்ணீர் வருகிறது என்று. நாற்பது வயது ஆள். குழந்தைப் பருவத்தை யாராவது பிடுங்கிக்கொண்டு போனார்களா? போனபோது ஒரு மனுவாவது கொடுத்தாயா? இப்போது அழுகிறான். கடந்து வந்த இடத்துக்கே மறுபடி மறுபடி போய் நிற்கிறவனை எதற்கும் நம்ப முடியாது. இது என் அனுபவம்.

ஜென்னி ஒரு நாள் கேட்டாள். "வருஷா வருஷம் மார்ச் ஒம்பதாம் தேதி மில் கேட்டுக்கு முன்னாடி போய் நின்னு அதே பேச்சைப் பேசறீங்களேப்பா. மில்லும் இல்லை, கேட்டும் இல்லை, அப்பார்ட்மெண்ட் கட்டிட்டாங்க. அது என்னவாம்?"

அது நினைவேந்தல். அது வேறு. அங்கே காவல்காரர் எனக்கு நாற்காலி எடுத்துப் போடுகிறார், மரியாதை தெரிந்தவர். முன்னெல்லாம் நாற்பது ஐம்பது பேர் வந்தார்கள். போன வருடம் மூன்று பேர். இந்த வருடம் காவல்காரர் நன்றாகக் கேட்டார்.

எனக்கும் ஆட்டுக்குட்டிக்கும் என்ன சம்பந்தம் என்று பார்க்கிறீர்கள். இந்த ஊரில் பிக்கோவை முறையாக ஆடியவர்கள் நாங்கள்தான். தொண்ணூற்று ஏழு, தீபாவளி சமயம். நிர்வாகம் மில்லைப் பூட்டிவிட்டது. முந்நூற்றுப் பத்துப் பேர் வெளியே. வாசலில் பந்தல், பக்கத்தில் கஞ்சித்தொட்டி, எதிரே சங்க அலுவலகம். ஒரு மாதம் ஆட்கள் ஒழுங்காக உட்கார்ந்தார்கள். இரண்டாம் மாதம் ஒவ்வொருவனாகச் சாராயக் கடைப் பக்கம் நழுவ ஆரம்பித்தான். அப்போது ஆரோக்கியம் ஒரு காரியம் செய்தான்.

ஆரோக்கியம் என் கூட்டாளி. ஒரே ஷிஃப்ட், பக்கத்துப் பக்கத்து மெஷின். நான் பேசுவேன், அவன் கொடி கட்டுவான். அவன் மச்சான் குவைத்திலிருந்து கொண்டு வந்த டிவி கேம் பெட்டியையும், வீட்டு டிவியையும் சைக்கிள் கேரியரில் கட்டிக்கொண்டு வந்து சங்க அலுவலகத்தில் வைத்தான். "ஆளுங்க இங்கியே இருப்பாங்க தோழரே" என்றான். இருந்தார்கள். ஒரே ஒரு கேசட், பிக்கோ முதல் பாகம். கேசட்டை எடுத்து ஊதிச் செருக வேண்டும், இல்லாவிட்டால் திரை முழுக்கப் புழு நெளியும்.

விதி நான் போட்டது. யார் ஆட உட்கார்ந்தாலும் முதலில் அன்றைய துண்டறிக்கையை எழுந்து நின்று சத்தமாக வாசிக்க வேண்டும். ஆடு செத்தால் அடுத்த ஆள். அடுத்த ஆளும் வாசிக்க வேண்டும். ஒரு நாளைக்கு எழுபது தடவை என் அறிக்கை அந்த அறையில் ஒலித்திருக்கிறது. மருதாசலம் என்று ஒருவன், எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரியாதவன், ஆட்டுக்காகவே படிக்கக் கற்றுக்கொண்டான். எந்தக் கட்சிப் பள்ளியில் இது நடந்தது, சொல்லுங்கள்.

ஆறு கட்டம் எல்லாரும் தாண்டினார்கள். ஏழாவது கட்டத்தில் நின்றது. அங்கே ஒரு நீர்ச்சக்கரம். பள்ளத்தின் நடுவில் மெதுவாகச் சுற்றும். ஆடு சக்கரத்தில் ஏறி, எதிர்க்கரைக்குத் தாவ வேண்டும். யார் தாவினாலும் கரையைத் தொடாமல் தண்ணீரில் விழுந்தது. இரண்டு மாதம், முந்நூற்றுப் பத்துப் பேர், ஒருவனும் தாண்டவில்லை. பந்தலில் பேச்சே அதுதான். தொழில் தீர்ப்பாயத்தில் நம் வழக்கு என்ன ஆச்சு என்று கேட்பதற்கு முன்னால் சக்கரம் என்ன ஆச்சு என்று கேட்டார்கள்.

அந்தச் சமயத்தில் நிர்வாகம் ஒரு கடிதம் அனுப்பியது. பாதிப் பேர் உடனே வேலைக்கு வரலாம், மீதிப் பேரை மூன்று மாதம் கழித்து எடுத்துக்கொள்வோம் என்று. ஆரோக்கியம் என்ன சொன்னான் தெரியுமா? "சரின்னு சொல்லிட்டு நிப்போம் தோழரே. பாதிப் பேரு உள்ள போனா மில்லு ஓடும். ஓடற மில்லுல மீதிப் பேருக்குச் சண்டை போடலாம். பூட்டின மில்லுல யாருகிட்டப் போடறது?"

நிப்போமாம். நிற்பதற்கா சங்கம்? போராட்டம் என்பது தாவல். நான் ஒரு துண்டறிக்கையே அந்தத் தலைப்பில் போட்டிருக்கிறேன்.

தொண்ணூற்று எட்டு, மார்ச் ஒன்பதாம் தேதி. மூன்று மணிக்கு வாயில் கூட்டம், கை தூக்கி முடிவு செய்ய வேண்டும். ஆட்கள் கலங்கிப் போயிருந்தார்கள், பாதிக்கு மேல் ஆரோக்கியம் பக்கம் சாய்கிறார்கள் என்று எனக்குத் தெரிந்தது. மத்தியானம் எல்லாரும் கஞ்சி வரிசைக்குப் போய்விட்டார்கள். அலுவலகத்தில் நானும் ஆரோக்கியமும் மட்டும். அவன் ஆடிக்கொண்டிருந்தான். ஆட்டைச் சக்கரத்தில் ஏற்றிவிட்டுச் சும்மா இருந்தான். பொத்தானிலிருந்து விரலை எடுத்துவிட்டான். சக்கரம் கீழே போனது, தண்ணீரைத் தொட்டது, அவன் அசையவே இல்லை. எனக்கு எரிச்சலாக இருந்தது. இந்த ஆள் விளையாட்டிலும் நிற்கிறானே என்று.

சக்கரம்... சரி, அது முக்கியமில்லை. நான் அவன் கையிலிருந்து பொத்தான் பெட்டியை வாங்கினேன். தாவினேன். ஒரே தாவல். ஆடு அக்கரையில் போய் நின்றது. அவ்வளவுதான் நடந்தது.

மருதாசலம் கஞ்சிப் பாத்திரத்தோடு உள்ளே வந்தான். திரையில் எட்டாவது கட்டம். கத்திக்கொண்டே வெளியே ஓடினான். எல்லாரும் வந்து சன்னலில் தொங்கினார்கள். யாரு தாண்டினது, எப்படித் தாண்டினது என்று ஒரே கூச்சல். நான் தாவினேன் என்றேன். ஒருவன் கேட்டான், பெட்டி ஆரோக்கியம் கையில் இருக்கிறதே என்று. இருக்கும். நான் திருப்பிக் கொடுத்திருந்தேன். ஆரோக்கியத்தைப் பார்த்தார்கள். அவன் என்னை ஒரு நிமிடம் பார்த்தான். "தலைவர் சொன்னாச் சொன்னதுதான்" என்றான்.

மூன்று மணிக்கு மேடை ஏறினேன். முடியாது என்று இரண்டு மாதம் சொன்னீர்கள், ஒரு தாவலில் முடிந்தது என்றேன். கடிதத்தைக் கிழித்துக் காற்றில் விட்டேன். கை தூக்குங்கள் என்றேன். அந்தக் கைகளை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். ஆரோக்கியமும் தூக்கினான்.

மில் திறக்கவே இல்லை. அது முதலாளியின் குற்றம். ஆட்கள் பாதிப் பேர் திருப்பூருக்குப் பனியன் வேலைக்குப் போனார்கள், மருதாசலம் செருப்புக் கடை வாசலில் காவலுக்கு நின்றான், ஆரோக்கியம் பள்ளி வேன் ஓட்டினான். இருபத்தேழு வருடம், எங்காவது கடைவீதியில் பார்த்தால் தலையை ஆட்டுவான், போய்விடுவான். ஒரு வார்த்தை என்னைக் குறை சொன்னதில்லை, யாரிடமும். அதுதான் எனக்கு அவனிடம் பிடிக்கவில்லை. திட்டியிருந்தால் பதில் அறிக்கை போட்டிருப்பேன்.

ஜென்னிக்கு அப்போது ஆறு வயது. அந்த அலுவலகத்தில் பெஞ்சுக்கு அடியில் உட்கார்ந்து ஆட்டைப் பார்த்துக்கொண்டிருப்பாள். ஆரோக்கியத்தை மாமா மாமா என்பாள். அந்தக் கிறுக்குத்தான் அவளை இந்த வேலைக்குக் கொண்டு வந்தது. இப்போது பழைய கட்டங்களைத் திரும்பச் செய்கிற வேலையே அவள் கைக்கு வந்திருக்கிறது. பழைய ஆட்டத்துக்குக் கம்ப்யூட்டரில் எழுதிய உள்ளெழுத்தையெல்லாம் பிரித்து, ஒவ்வொரு செங்கலாக அளக்கிறாள்.

ஆடி மாதம், ஒரு ஞாயிற்றுக்கிழமை, சாப்பிடும்போது சொன்னாள். "அப்பா, அந்தச் சக்கரத்துல இருந்து கரை ஒம்பது செங்கல் தூரம்ப்பா. ஆடு எங்கிருந்து தாவினாலும் ஏழு செங்கல்தான் போகும். அப்படித்தான் எழுதி வெச்சிருக்கான். சக்கரம் தண்ணிக்குள்ள போறப்பவும் ஆடு அசையாம நின்னாத்தான் அது முழுசாச் சுத்திக் கரையில இறக்கி விடும். தாவவே முடியாது."

உன் அளவுகோல் கம்பெனி அளவுகோல் என்றேன்.

"பழசைத் திறந்து பாக்கறப்பத்தாம்ப்பா அது எப்படி வேலை செஞ்சுதுன்னே தெரியுது" என்றாள். அப்புறம் ரசம் ஊற்றினாள். 

மறுநாள் திங்கட்கிழமை நான் அச்சகத்துக்குப் போய் ஆயிரம் நோட்டீஸுக்குச் சொன்னேன், 'பழைய கட்டங்கள் வேண்டாம்' என்று. இரண்டுக்கும் சம்பந்தமில்லை. கொள்கையளவில் எனக்கு முன்பே அந்தக் கருத்து இருந்தது.

யோசித்துப் பாருங்கள். நாளைக்கு இது வந்துவிட்டால், செருப்புக் கடை மருதாசலத்தின் பேரன் அவன் போனில் ஏழாவது கட்டத்துக்கு வருவான். தாவுவான். விழுவான். நூறு தடவை தாவி நூறு தடவையும் விழுவான். தாத்தாவிடம் கேட்பான். இதெல்லாம் தேவையா? எத்தனை குழப்பம். அதற்காகத்தான் சொல்கிறேன், புதுக் கட்டம் செய் என்று.

நீங்கள் ஏன் சிரிக்கிறீர்கள்? சிரிக்கவில்லையா? சரி.

இன்றைக்கு நான் நேரில் வந்ததற்கு வேறு காரணமும் இருக்கிறது. பழைய ஆட்டத்தைக் கையால் ஆடித் தெரிந்தவர் ஒருவர் புதியதை ஆடிப் பார்த்து, சரியாக இருக்கிறது என்று சொல்ல வேண்டுமாம். இன்று அதற்கு நாள். என் மகள் யாரைக் கூப்பிட்டாள்? என்னையா? ஒரே வீட்டில் இருக்கிறேன், காலையில் காபி கொடுக்கிறாள், ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஆரோக்கியத்தைக் கூப்பிட்டிருக்கிறாள். கார் அனுப்பி. மருதாசலம் சொல்லித்தான் எனக்கே தெரியும். பதினொரு மணியிலிருந்து அவன் உள்ளே இருக்கிறான். நான் பதினொன்றரையிலிருந்து இங்கே இருக்கிறேன். அந்த வரவேற்புப் பெண் இரண்டு தடவை தண்ணீர் கொடுத்துவிட்டாள், மனுவை மட்டும் வாங்க மாட்டேன் என்கிறாள்.

உள்ளே என்ன சொல்லிக்கொண்டிருப்பான்? இருபத்தேழு வருடம் அடைத்து வைத்ததையெல்லாம் அந்தக் கண்ணாடி அறையில் கொட்டிக்கொண்டிருப்பான். சொல்லட்டும். பதில் என் பையில் இருக்கிறது, தயாராக அச்சடித்தே கொண்டு வந்திருக்கிறேன்.

கொஞ்சம் இருங்கள். கதவு திறக்கிறது. ஜென்னிதான். ஒரு நிமிடம், எழுந்து போய்விடாதீர்கள்.

...

கேட்டீர்களா? உங்கள் காதிலும் விழுந்திருக்குமே, அவள் மெதுவாகப் பேசுகிறவள் இல்லை. விழவில்லையா? நானே சொல்கிறேன்.

ஆரோக்கியம் உள்ளே சொல்லிவிட்டானாம். ஏழாவது கட்டத்தை வையாபுரி தாவித்தான் தாண்டினார், நான் பக்கத்தில் உட்கார்ந்து கண்ணால் பார்த்தேன் என்று. எழுதிக் கொடுத்தே விட்டானாம். எங்க கேசட்டு அப்படித்தான் இருந்துச்சும்மா, தூரம் கம்மியா இருந்துச்சு என்றானாம். நம் ஊருக்கு வந்ததெல்லாம் கள்ளக் கேசட், ஒன்றிரண்டு மாறியிருக்கலாம் என்று கம்பெனிக்காரர்களும் ஒத்துக்கொண்டார்களாம். பழைய ஆட்கள் இரண்டு பேர் சொன்னால் போதும், இரண்டு செங்கலைக் குறைத்துவிடலாம், நின்றும் போகலாம், தாவியும் போகலாம். ஒருவர் சொல்லியாயிற்று. இன்னொருவர் நான். உள்ளே போய் ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும்.

"மாமா உங்களுக்காகத்தாம்ப்பா சொல்றார்" என்றாள். "எனக்குத் தெரியும், அவருக்கும் தெரியும். நீங்க வந்து ஆமான்னு சொல்லுங்க, முடிஞ்சுது. மில் கேட்டுக்கு முன்னாடி போய் நிக்கறதாவது நிறுத்துங்க." சொல்லிவிட்டு நிற்காமல் போய்விட்டாள்.

ஆரோக்கியத்தின் திமிரைப் பார்த்தீர்களா? எனக்கு அவன் சாட்சி சொல்கிறான். அன்றைக்கு மருதாசலத்துக்கு முன்னால் வாயை மூடினான், வாயில் கூட்டத்தில் கையைத் தூக்கினான், இன்றைக்குக் கையெழுத்தும் போட்டுவிட்டான். முந்நூற்றுப் பத்துப் பேர் தெருவில் நின்றது போதாதென்று இரண்டு செங்கலைப் பெயர்த்து என் காலடியில் போடுகிறான், வையாபுரி, ஏறிக்கொள் என்று. உலகத்தில் பிக்கோ ஆடுகிற ஒவ்வொரு பிள்ளையும் இனி அந்த இடத்தில் தாவும். தாவுகிற ஒவ்வொரு தடவையும் அது ஆரோக்கியம் போட்ட பிச்சை. அதை வாங்கிக்கொண்டு நான் வீட்டுக்குப் போக வேண்டும். போய்ச் சாப்பிட வேண்டும்.

நான் யாரிடமும் கை ஏந்தியதில்லை. கடிதத்தைக் கிழித்தவன் நான்.

இந்தக் கட்டைக் கொஞ்சம் பிடியுங்கள். இல்லை, கையெழுத்து வேண்டாம், சும்மா பிடியுங்கள். பையும் இங்கேயே இருக்கட்டும். நான் உள்ளே போகிறேன். போய்ச் சொல்லப் போகிறேன், ஒரு செங்கலையும் எவனும் தொடக்கூடாது என்று. ஒன்பது ஒன்பதாகவே இருக்கட்டும். ஆடு ஏழுதான் தாவும். அன்றைக்கும் ஏழுதான் தாவியது. நான் அவன் கையிலிருந்து பெட்டியை வாங்கவே இல்லை. சக்கரம் மேலே வந்தபோது ஆடு தானாக அக்கரையில் இறங்கியது. நான் பின்னால் நின்று பார்த்தேன்.

முழங்கால் பிடித்துக்கொண்டது, கொஞ்சம் கை கொடுங்கள். இதைச் சொல்ல எனக்கு எவன் சாட்சியும் தேவையில்லை. அவனை நேராகப் பார்த்தே சொல்லுவேன். கேட்டுவிட்டு என்ன செய்வான்? தலையை ஆட்டுவான். ஆட்டட்டும்.

உங்களுக்குப் பிள்ளைகள் இருக்கிறார்களா? அந்த இடத்துக்கு வந்து விழுந்து விழுந்து அழுதால் சொல்லுங்கள், தாவாதே, பொத்தானை விட்டுவிட்டு நில், சக்கரம் தானாகக் கொண்டு போய் இறக்கும் என்று. யார் சொன்னது என்று கேட்டால் வையாபுரி சொன்னான் என்று சொல்லுங்கள். ஆரோக்கியம் பெயரைச் சொல்லிவிடாதீர்கள்.